கஞ்சி கேட்ட பிள்ளை

என் மனைவிக்கு ஞாபகம் பிசகுகிறது என்று, ஒரு கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அவளையும் வைத்துக்கொண்டு சொன்னேன். அது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அதன் பிறகு அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனபோதும், அவர் கொடுத்த மாத்திரையை அவள் விழுங்கியபோதும், தன் மேலேயே நம்பிக்கை இழந்து அடுப்படியில் நின்று அழுதபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு நாவல். நல்ல நாவல்கூட இல்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். என் அப்பா கிராமத்துச் சபையில் உபதேசியார். நான் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்தேன். ஓய்வு பெற்ற பின்னும் ஊருக்குத் திரும்பவில்லை. டாலிகஞ்சில் ஒரு குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போவேன். கடைசி பெஞ்சில் உட்காருவேன். யாராவது கேட்டால், பாட்டுக்காக வருகிறேன் என்பேன். ஜெபம் செய்யும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள்; நான் திறந்து வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பேன். எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில், காய்ச்சல் கண்டு இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்துபோனான். அவன் பிழைக்க அன்று சபையே கூடி ஜெபம் செய்தது. அன்றிலிருந்துதான் நான் கண்ணை மூடுவதில்லை.

இதைச் சொல்லி இரக்கம் தேட நினைக்கவில்லை. பின்னால் வருவது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மனைவி படித்தவை கிறிஸ்தவ நாவல்கள். நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் அச்சிட்டு வருபவை. ஊருக்குப் போய்வருகிற யாராவது பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவருவார்கள். அவற்றில் சில அமெரிக்கக் கதைகளின் தமிழாக்கம். பனி கொட்டும், கோதுமை விளையும், ஒரு விதவை இருப்பாள், அவள் வீட்டு வேலியைச் சரிசெய்ய வாட்டசாட்டமான ஒருவன் வருவான், அவன் சட்டைப்பையில் சின்னதாக ஒரு புதிய ஏற்பாடு இருக்கும். தமிழிலேயே எழுதப்பட்டவற்றில் பனிக்குப் பதில் பனைமரம். குடிகாரன் கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டப் பந்தலைக் கடந்து போகும்போது ஒலிபெருக்கியில் ஒரு வேதவசனம் அவன் காதில் விழும். பாட்டிலைக் கீழே போடுவான். கெட்டவன் எப்போதும் சிகரெட் பிடிப்பான். நல்ல பெண்ணுக்குத் தலைவலிகூட வராது; வந்தால் காசநோய்தான் வரும். கடைசி அதிகாரத்தில் யாராவது மண்டியிடுவார்கள், யாராவது வெளிநாட்டிலிருந்து திரும்பி வருவார்கள், சரியாக அந்த நேரத்தில் கோயில் மணி அடிக்கும்.

இதையெல்லாம் நான் மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் புத்தகத்தை எடுத்து, பிரசங்கக் குரலில் ஒரு பக்கம் படித்துக் காட்டுவேன். தொடக்கத்தில் அவளும் சிரித்தாள். அப்போது எங்களோடு இருந்த மகளும் சிரிப்பாள். பிறகு அவள் புத்தகங்களுக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போடத் தொடங்கினாள். அட்டைப் படம் கண்ணில் பட்டால் நான் தொடங்கிவிடுவேன் என்று அப்படிச் செய்தாள். அப்போது எனக்கு அது புரியவில்லை. சிக்கனம் என்று நினைத்தேன்.

எங்கள் சபைப் பெண்கள் சிலர் ஒரு வாசிப்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். கரியாஹாட்டில் புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் வீட்டில் சனிக்கிழமை கூடுவார்கள். எல்லோரும் ஒரே நாவலைப் படித்து வருவார்கள். ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், அப்புறம் முன்கதை. அதாவது ஒருத்தி எழுந்து, புத்தகத்தைக் கையில் எடுக்காமல், அதுவரை படித்த பகுதியைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். சபையில் சாட்சி சொல்வதைப் போல நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். அது அங்கே ஒரு கௌரவம். முறை வைத்து வரும். என் மனைவி முன்கதை சொல்கிற நாளில் படிக்காதவர்களும் வருவார்களாம். "நீங்க சொல்லி முடிச்ச பிறவு பொஸ்தகத்தத் தொறந்தா சப்புன்னு இருக்கு மைனி" என்று நர்ஸம்மா என் எதிரிலேயே அவளிடம் சொல்லியிருக்கிறார். அவர் என்னை அண்ணன் என்பார். அதனால் அவள் மைனி.

பிறகு அவளுக்குக் கண் போயிற்று. முழுக் குருடு இல்லை. நடுப் பார்வை மட்டும் அழிந்தது. "உங்களப் பாத்தா காது ரெண்டும் தெரியுது, மூஞ்சியக் காணோம்" என்று சிரித்தாள். நடமாடுவாள், சமைப்பாள், துணி மடிப்பாள். எழுத்து மட்டும் தெரியாது. ஊசி போட்டுப் பார்த்தார்கள். இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் காலண்டர் தாள் போட்ட புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

"படிச்சுக் காட்டுதீங்களா?"

"காட்டுறேன்."

"கேலி பண்ணாம?"

"பண்ண மாட்டேன்."

"சத்தியமா?"

"நீதான் சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சொல்லுவியே."

"அது சரிதான்" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கேலி செய்யவில்லை. அந்த வாக்கைக் காப்பாற்றினேன். வேறொன்று செய்தேன்.

அந்த நாவல் கடற்கரை ஊர் ஒன்றில் மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவச்சியின் கதை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூத்தது பெண், இளையது பையன். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவள் கொஞ்சம் கண்ணயரும்போது நான் அன்றைய பகுதியை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வேன். நாலு மணிக்கு டீ போட்டுக் குடித்துவிட்டுப் படிப்பேன். முதலில் ஒரு நீண்ட ஜெபத்தை விட்டேன். பக்கம் முழுவதும் ஜெபம். என் வாயால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவள் கவனிக்கவில்லை. மறுநாள் ஒரு பிரசங்கத்தை விட்டேன். பிறகு கோயில் மணியை எடுத்தேன். மருத்துவச்சி பேசுகிற இடங்களில் வேதவசனங்களைக் குறைத்து, அலுத்துப்போன ஒரு பெண் பேசுவது போல நாலு வார்த்தை சேர்த்தேன். கதை தேறிக்கொண்டு வருவதாக எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், வேலை பார்த்த காலத்தில்கூட எனக்கு அவ்வளவு உற்சாகம் இருந்ததில்லை. நான் எழுத ஆசைப்பட்டு எழுதாமல் போனவன். கேட்க ஓர் ஆள், அதுவும் எழுத்தைச் சரிபார்க்க முடியாத ஆள், எனக்குக் கிடைத்திருந்தாள்.

அப்புறம் காய்ச்சல் அதிகாரம் வந்தது. இளைய பையனுக்குக் காய்ச்சல். ஊரைச் சுற்றி வெள்ளம், டாக்டர் வர முடியவில்லை. ஊர்ச் சனம் எல்லாம் கூடி ஜெபம் செய்கிறது. பொழுது விடிகிறது, காய்ச்சல் இறங்குகிறது, பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறான்.

மதியம் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். எனக்கு வந்தது கோபம். இதை எழுதிய ஆள் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நின்றதில்லை என்று நினைத்தேன். நாலு மணிக்கு அவளுக்குப் படித்தபோது, விடியும் வேளையில் பிள்ளையின் உடம்பு குளிர்ந்திருந்தது என்று சொன்னேன். மருத்துவச்சி தன் சேலையால் அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு வேலைக்குப் போக நேரமாயிற்று என்று எழுந்தாள் என்று முடித்தேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"சரி" என்றாள். டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். அவை உரசிக் கடகடவென்றதை நான் கேட்டேன். இலக்கியம் வேலை செய்கிறது என்று எண்ணினேன். அப்படி எண்ணினேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

மகனின் நினைவால் அப்படிச் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அதிகாரம் வருவதற்கு வெகு முன்பே நான் மாற்றத் தொடங்கியிருந்தேன். அது வெறும் கர்வம்.

செத்த பிள்ளையைச் செத்தவனாகவே வைத்திருப்பது பெரும்பாடாக இருந்தது. நாவலில் அவன் வளர்ந்து, ஓடிப்போன அப்பாவை ஒரு ரயில் நிலையத்தில் கண்டுபிடிக்கிறான். அவன் செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் அக்காளிடம் கொடுத்தேன். அப்பாவை அவளே கண்டுபிடித்தாள். கதையில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த மாதம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதால் ஒரு சனிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் முன்கதை என் மனைவியின் முறை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை என்றால் நம்புவது கடினம். எப்படியோ நடந்துவிடும் என்று தள்ளிப் போட்டேன் என்பதுதான் சரி.

அவளைக் கைப்பிடித்துப் படியேற்றி உட்கார வைத்துவிட்டு, வாசல் பக்கம் செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. அவள் எழுந்து நின்று சொன்னாள். வெள்ளம், காய்ச்சல், ஜெபம். பிள்ளையின் உடம்பு குளிர்ந்ததையும் தாய் அவன் முகத்தைத் துடைத்ததையும் அவள் சொன்னபோது அறையில் சத்தமே இல்லை. கீழே கடைக்காரன் விலை கூவுவதுதான் கேட்டது. நான் படித்ததைவிட நன்றாகச் சொன்னாள்.

அப்போது யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யக்கா, எந்தப் பொஸ்தகத்தச் சொல்லுதீய? பிள்ள எங்க செத்துச்சு?"

"கஞ்சி கேட்டானே அவன்! கருப்பட்டி போட்டுக் கேட்டானே!"

"இல்லியே" என்றாள் என் மனைவி. "செத்துப் போனான்லா. அவன் அக்காதான அப்பனத் தேடிக் கண்டுபிடிக்கா..."

சிரிப்பு நின்றது. எங்கள் சபைப் போதகரான ஐயரின் மனைவி பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கே கேட்டது. "பாவம், அவங்க பிள்ளைய நெனச்சு மாத்திச் சொல்றாங்க."

என் மனைவி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அவிய அப்படித்தான படிச்சாங்க. இங்கேருங்க, நீங்க சொல்லுங்களேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். நான் மாற்றிப் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்கள் திட்டியிருப்பார்கள், சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். நான் படித்தவன், மரியாதைப்பட்டவன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடை போடுகிறவன். கண் தெரியாத மனைவியை ஏமாற்றினேன் என்று அவர்கள் முன் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"கொஞ்ச நாளா அவளுக்கு ஞாபகம் பிசகுது" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். உட்காரும் முன் கையால் நாற்காலியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதுவரை அந்த வீட்டில் அவள் அப்படித் தடவிப் பார்த்ததில்லை.

செய்தி மகளுக்குப் போயிற்று. அவள் கல்கத்தாவிலேயே சால்ட் லேக் பகுதியில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ஓடி வந்து, ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். நல்ல மனிதர், அவர்மேல் குற்றமில்லை. அவருடைய கேள்விகளை மகள் வங்காளத்திலிருந்து தமிழுக்கு மாற்றி மாற்றிக் கேட்டாள். என்ன மாதம், என்ன கிழமை, இப்போது சொன்ன சொற்களைத் திரும்பச் சொல்லுங்கள். பயந்துபோன பள்ளிப் பிள்ளையைப் போல என் மனைவி தடுமாறினாள். கிழமையைத் தப்பாகச் சொன்னாள். மருத்துவர் என் பக்கம் திரும்பி, வீட்டில் நீங்கள் என்ன கவனிக்கிறீர்கள் என்று கேட்டார். அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு.

"கதைகளக் குழப்பிக்குறா" என்றேன்.

தொடக்க நிலையாக இருக்கலாம், கவனித்துப் பார்ப்போம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு எங்கள் வீடு மாறிப்போயிற்று. கண் மங்கியபோதுகூடக் கையளவில் உப்பு அறிந்து சமைத்தவள், "உப்புப் போட்டேனாங்க?" என்று கேட்கத் தொடங்கினாள். போட்டாய் என்றால், "நெசமாவா?" என்பாள். கேஸை அணைத்துவிட்டு மறுபடி மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பாள். எதிர்வீட்டு வங்காளிப் பெண் நல்ல மனசுக்காரி. முன்பு இவளிடம் சாம்பார் கற்றுக்கொண்டவள். இப்போது கதவுக்கு வெளியிலிருந்தே உரக்க, சிறு பிள்ளையிடம் பேசுவது போல, "மாஷிமா, கேமொன் ஆச்சேன்? ஆமாகே சின்தே பார்ச்சேன்?" என்று கேட்பாள். எப்படி இருக்கிறீர்கள், என்னைத் தெரிகிறதா என்று அர்த்தம். என் மனைவி அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு, "சரியாச் சொன்னேனா?" என்று என்னைப் பார்ப்பாள். சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிட்டாள். படிக்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். "வேண்டாம். படிச்சா கொளம்பிருது" என்றாள்.

ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று எழுவேன். சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியதைப் பெரிதாக்கியது. புத்தகம் டீ மேஜையின் கீழ்த் தட்டிலேயே கிடந்தது. காலண்டர் தாளில் ஈரம் ஏறி உப்பிவிட்டது.

துர்கா பூஜைக்கு முன்னால் எங்கள் தெருமுனையில் பந்தல் போடுவார்கள். மூங்கிலை அடிக்கிற சத்தம் பகலெல்லாம் கேட்கும். அப்படி ஒரு மதியம் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்கேருங்க, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளு."

"நம்ம பிள்ள நெசமாவே போயிட்டானா? இல்ல, அதையும் எதுலயாச்சும் படிச்சுட்டு நாந்தான் மாத்தி வெச்சிருக்கேனா?"

அவள் என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்க அவள் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவள் முகத்தில் ஒரு துளி ஆசையும் இருந்தது. அதை நான் கண்டேன். தனக்குப் புத்தி பிசகியிருந்தால் பிள்ளை எங்காவது உயிரோடு இருக்கலாம் என்கிற ஆசை.

"போயிட்டான்" என்றேன். "அது நடந்ததுதான். நீ எதையும் மாத்தல. நாந்தான் மாத்துனேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் விட்ட ஜெபங்கள், கோயில் மணி, காய்ச்சல், அக்காளுக்குக் கொடுத்த வேலைகள், நர்ஸம்மா வீட்டில் சொன்னது, மருத்துவரிடம் சொன்னது. மூங்கில் அடிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருக்க வேண்டும். வெளியே சத்தம் இல்லை.

"எதுக்கு?" என்றாள்.

"அப்படியெல்லாம் நடக்காதே. ஜெபம் பண்ணா காய்ச்சல் எறங்கும்னு எழுதி..."

"நடக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க வராந்தாவுல நின்னீங்க. நாந்தான உள்ள இருந்தேன்." குரல் உயரவில்லை. "நடந்தத நான் பாத்துட்டேன். நடக்காதத பாக்கத்தான் அந்தப் பொஸ்தகம். அதுலதான் ஒரு பிள்ள எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேக்கும். எத்தன பொஸ்தகத்துல தேடித் தேடிப் படிச்சிருக்கேன் தெரியுமா? அந்தப் பிள்ளையையும் கொன்னுட்டீங்களே."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் ரசம் வைத்தாள். உப்புப் போட்டேனா என்று கேட்கவில்லை. பல நாள் வேறெதையும் என்னிடம் கேட்கவில்லை.

இத்தனை வருடம் அந்த நாவல்களை நான் எடை போட்டிருந்தேன். அவள் எதற்காக அவற்றைப் படித்தாள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஏமாளி என்பதால் படிக்கிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன். நம்புகிறவர்கள் எல்லாரும் எழுதியிருப்பதை அப்படியே நம்பித்தான் படிக்கிறார்கள் என்று நினைத்தது என் மடமை. அதற்காக அந்தப் புத்தகம் நல்ல புத்தகமாகிவிடவில்லை. இன்றைக்குப் படித்தாலும் மோசமான நாவல்தான். ஆனால் நான் செய்த திருத்தமும் மோசம்தான். பிள்ளையைப் பிழைக்க வைத்தால் பொய், சாகடித்தால் உண்மை என்று நான் நினைத்தேன். ஒரே வாக்கியத்தில் ஒரு பிள்ளையைச் சாகடிப்பதும் கோயில் மணி அடிப்பதைப் போலச் சுலபமான வேலைதான்.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் வங்காளம்தான் வரும். ஆனால் அன்று தமிழில் பேசினாள். "அம்மாக்கு மாத்திரை குடுத்தோமேப்பா. நான் என் கையால குடுத்தேனே" என்றாள். மருத்துவரிடம் அவளே போய்ப் பேசினாள். மாத்திரை நின்றது. இன்றும் அவள் வந்தால் அம்மாவிடம்தான் பேசுகிறாள். எனக்குப் பழம் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எங்க சொன்னீங்களோ அங்கயே போயிச் சொல்லுங்க."

பூஜை முடிந்து கூட்டம் மறுபடி கூடிய சனிக்கிழமை இருவரும் போனோம். அவர்கள் அந்த நாவலை முடித்திருந்தார்கள். முன்கதை சொல்கிறவர்கள் நிற்கிற இடத்தில் நான் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

முதலில் பேசியது நர்ஸம்மா. "அண்ணே, நீங்க குடிச்சிட்டு எங்க வாசப்படில விழுந்து கெடந்திருந்தாலும் தூக்கி உக்கார வெச்சு டீ குடுத்திருப்பேன். இதுக்கு நான் என்ன குடுக்க?" என்றார். "படிச்ச மனுசன்! ஒருநாள் நான் மைனியோட நாடியப் புடிச்சுப் பாத்து, 'ஒண்ணுமில்ல, போங்க'ன்னு சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னுகிட்டுத்தான இருந்தீங்க?" ஆமாம் என்றேன்.

ஆனால் எல்லோரும் அவரைப் போல இல்லை. டீ கொடுக்கும்போது ஐயரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணன், அவங்க மேல உங்களுக்கு எவ்வளவு பிரியம்! இப்படி யார் செய்வா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. இன்னொரு பெண்தான் சொன்னாள். "கடைசி அதிகாரத்துல வாராப்லயே இருக்கு. அவளுக்கு வந்த பழிய அவரு சபைக்கு முன்னால ஏத்துக்கிடுதாருல்லா, அதே மாதிரி."

அந்த நாவலின் முடிவில், திரும்பி வந்த புருஷன் மனைவிமேல் விழுந்த பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். மனைவியின் புத்தி பிசகியதை மறைக்க நானும் அப்படித்தான் செய்கிறேன் என்று பாதிப் பேர் முடிவு செய்துவிட்டார்கள். "இல்லம்மா, நான் நெசமாவே செஞ்சேன்" என்றேன். "தெரியும் அண்ணன், தெரியும்" என்று இன்னும் கனிவாகச் சொன்னார்கள். எந்தப் புத்தகத்தைக் கேலி செய்தேனோ அதற்குள்ளேயே என்னை நல்லவனாக உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே வர வழி தெரியவில்லை. புத்தகத்தைக் காட்டி நிரூபிக்கலாம் என்றால் அதில் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான்.

படியிறங்கும்போது மனைவி, "நம்புனாங்களா?" என்று கேட்டாள். பாதிப் பேர் என்றேன். "மிச்சப் பேரு?" என்றாள். சொன்னேன். நின்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்பம் அவுங்களுக்கு நான் இன்னும் புத்தி பெரண்டவதான்" என்றாள்.

பிறகு ஒரு நாள் அந்தப் புத்தகத்தை மறுபடி கையில் கொடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒரு ஜெபத்தையும் விடவில்லை. காய்ச்சல் அதிகாரம் வந்த அன்று எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி படித்தேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்து கருப்பட்டி போட்ட கஞ்சி கேட்டான். அவள் கையை நீட்டிப் பக்கத்தின் மேல் வைத்தாள், எழுத்து அவளுக்குத் தெரியாவிட்டாலும். "இன்னொரு தரம்" என்றாள். படித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த முன்கதையை அவள் சொன்னபோது ஒரு விவரமும் பிசகாமல் சொன்னாள். ஆனால் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தியதும் பக்கத்திலிருந்த பெண் மெதுவாக அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். அன்பாகத்தான் கொடுத்தாள். என் மனைவி அதை வாங்கிக்கொண்டு மேலே சொன்னாள். இப்போதெல்லாம் அவள் நிறுத்தாமல் வேகமாகச் சொல்லி முடிக்கிறாள். பழைய அழகு அதில் இல்லை.

வீட்டில் நாலு மணிக்கு நான் இன்னும் படிக்கிறேன். வேறொரு நாவல் இப்போது. ஒரு குடிகாரன் இருக்கிறான், பந்தல் வரப்போகிறது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் நர்ஸம்மா கூப்பிடுவார். அதே அதிகாரத்தை அவர் தொலைபேசியில் மறுபடி படிப்பார், என் மனைவி கேட்பாள். இந்த ஏற்பாட்டை யார் தொடங்கியது என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று கேட்க வேண்டிய அவசியமில்லை.

போன வாரம் நான் அடுப்படியில் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் நர்ஸம்மாவின் குரல் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. என் மனைவி இடைமறித்தாள்.

"நில்லுங்க. அந்த எடத்துல ஒரு ஜெபம் வரும். விட்டுட்டீங்க."

"இல்லியே மைனி."

"இருக்கு. அவிய படிச்சாங்க. பாருங்க."

பக்கம் புரட்டும் சத்தம். "அட, ஆமா. நீளமா இருக்கேன்னு தாண்டிட்டேன்" என்று நர்ஸம்மா சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "படிங்க" என்றாள்.

நான் தண்ணீர் கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் நாலு மணிக்குப் படித்தேன். ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவள் எழுந்து போய் எடுத்தாள்.